புற்று இல்லை என்ற பிறகு: மார்பகக் கட்டி பற்றித் தம்பதியருக்கு ஒரு பேச்சு

(வடசேரியில் தம்பதியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடும்ப நலம் என்றால் இரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொள்வது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். "நாங்க ஆபரேஷன் பண்ணியாச்சு, இனிமே எங்களுக்கு என்ன கூட்டம்?" என்று கேட்கிற அக்காமாரும் உண்டு. இன்றைய பேச்சு அவர்களுக்குத்தான் அதிகம் வேண்டியது. முப்பது வயதைத் தாண்டிய தாய்மார்களின் மார்பகத்தில் தோன்றும் கட்டிகளைப் பற்றியும், அவற்றுள் ஒரு வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவும் சொல்லப்போகிறோம். ஆண்கள் யாரும் எழுந்து டீக்கடைக்குப் போய்விட வேண்டாம். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் மனதிலுள்ள பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். மார்பில் கட்டி என்றால் எல்லாம் கான்சர் அல்ல. பெரும்பாலான கட்டிகள் சாதுவானவை. இளம் பெண்களுக்கு உருண்டையாக, தொட்டால் நழுவி ஓடுகிற நார்க்கட்டி வரும். நாற்பதை ஒட்டிய வயதில் நீர்க்கட்டி வரும். மாதவிடாய்க்கு முந்தின வாரம் மார்பு கனத்து, வலித்து, திட்டுத் திட்டாகத் தட்டுப்படுவது பலருக்கு மாதாமாதம் உள்ள சங்கதி. தீட்டு வந்ததும் அது தணிந்துவிடும். பால் கொடுக்கிற தாய்க்குப் பால் கட்டிக்கொள்வதும் உண்டு. இவையெல்லாம் உயிருக்கு ஆபத்தானவை அல்ல.

ஆனால் எது சாது, எது துஷ்டன் என்று யார் சொல்வது? பக்கத்து வீட்டு மைனி சொல்லலாமா? மருந்துக் கடைக்காரர் சொல்லலாமா? நம் வடசேரியில் கோயில் நகை செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. அங்கே ஒரு நகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் இது இத்தனை மாற்று என்று ஆசாரி சொல்லிவிடுவாரா? உரைகல்லில் உரசிப் பார்த்துத்தான் சொல்வார். மார்பில் வரும் கட்டிக்கும் உரைகல் உண்டு. டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பது ஒன்று. வயதுக்குத் தக்கபடி ஸ்கேனோ மேமோகிராம் படமோ எடுப்பது இரண்டாவது. சந்தேகம் இருந்தால் ஊசியால் சிறு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது மூன்றாவது. இதைத்தான் பயாப்ஸி என்கிறார்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் முடிவு சொல்வார்கள்.

"ஊசி குத்தினா பரவிரும்" என்று ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. அது சரியல்ல. பயாப்ஸி ஊசியால் நோய் உடம்பெங்கும் பரவுவதில்லை. ஊசிக்குப் பயந்து ஆறு மாதம் தள்ளிப்போடுகிறார்களே, கான்சராக இருந்தால் பரவுவதற்கு அந்த ஆறு மாதம் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். கட்டியை எங்கேயாவது ஓரிடத்தில் அறுத்து எடுத்துவிட்டு, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பாமலே எறிந்துவிட்டால், அந்தத் தாய்க்கு என்ன இருந்தது என்று பிறகு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. "எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவீங்களா? ரிப்போர்ட் எப்ப கிடைக்கும்?" என்ற இரண்டு கேள்வியையும் ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

இனி, முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம்.

ரிப்போர்ட் வருகிறது. அதில் இரண்டே பதில்தான் இருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்: கான்சர், அல்லது ஒன்றுமில்லை. சிலருக்கு மூன்றாவதாக ஒரு பதிலும் வரும். டாக்டர், "கான்சர் இல்லை, ஆனால் செல்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன, தொடர்ந்து வந்து காட்ட வேண்டும்" என்பார். வீட்டுக்கு வரும் வழியிலேயே அந்தப் பேச்சின் பின்பாதி மறந்துபோகும். "கான்சர் இல்லையாம்" என்று மட்டும் எல்லாருக்கும் சொல்வோம். பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைப்போம். ரிப்போர்ட் பரணில் ஏறிவிடும், கரையான் படித்துக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. அந்தப் பின்பாதி மட்டும் காதில் விழுந்து, "எனக்கு வந்திட்டு, பிள்ளைகளை யார் பார்ப்பா" என்று சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிடுவார்கள். "ரெண்டு மார்பையும் எடுத்திருங்க டாக்டரே" என்று அழுவார்கள். இரண்டும் தவறு. இந்த நடு நிலைக்கென்று ஒரு முறை இருக்கிறது. அதை நிதானமாகச் செய்ய வேண்டும். இங்கே அவசரம் இல்லை, ஆனால் மறதியும் கூடாது.

நடு நிலை என்பது என்ன? மார்புக்குள் பால் வரும் குழாய்கள் இருக்கின்றன. பேச்சிப்பாறைத் தண்ணீர் பெரிய கால்வாயிலிருந்து சிறு வாய்க்கால்களாகப் பிரிந்து வயலுக்குப் போவதுபோல அவை கிளை கிளையாகப் போகும். இந்த வாய்க்கால்களின் உட்சுவரில் செல்கள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்க வேண்டும். சிலருக்கு அவை பெருகி, வரிசை கெட்டு, உருவமும் சற்று மாறிவிடுகின்றன. இதை டாக்டர்கள் ஏட்டிபிக்கல் ஹைப்பர்பிளேசியா என்று எழுதுவார்கள். இது கான்சர் அல்ல. பின்னால் கான்சர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு என்பதற்கான அடையாளம்.

நான்கு மடங்கு என்றதும் திடுக்கிட வேண்டாம். அமெரிக்காவில் மேயோ கிளினிக் என்ற பெரிய ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட பெண்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். 25 ஆண்டுகளில் 100 பேரில் 25 முதல் 30 பேருக்குக் கான்சர் வந்தது. அப்படியானால் 70 பேருக்கு மேல் வரவில்லை. நம் நாட்டுப் பெண்களுக்குப் பொதுவாகவே இந்நோய் அந்நாட்டைவிடக் குறைவு. ஆகவே அந்த எண்ணை அப்படியே நம்மேல் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம். எவ்வளவு பயப்படலாம், எவ்வளவு கவனிக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் சொன்னோம்.

இதே இனத்தில் லோபுலார் கார்சினோமா இன் சிட்டு என்று ஒன்று உண்டு. பெயரில் கார்சினோமா, அதாவது கான்சர், என்ற சொல் இருப்பதால் படித்த பிள்ளைகள் ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் அழுகையைக் கிளப்பிவிடுவார்கள். பெயர் வைத்தவர் அப்படி வைத்துவிட்டார். இதையும் இன்று கான்சர் என்று எண்ணி வைத்தியம் செய்வதில்லை. பின்னால் எந்தப் பக்கத்து மார்பிலும் நோய் வரலாம் என்ற எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

காம்பிலிருந்து தானாக, ஒரு பக்கம் மட்டும், இரத்தம் கலந்தோ தண்ணீர்போலவோ கசிந்தால் பால் குழாய்க்குள் பப்பிலோமா என்ற சிறு பருப்போன்ற கட்டி இருக்கக்கூடும். பெரும்பாலும் சாதுவானதுதான். அதிலும் செல்கள் மாறியிருந்தால் எடுத்துவிடச் சொல்வார்கள். பிழிந்து பிழிந்து பார்க்காதீர்கள். துணியில் கறை கண்டால் வந்து காட்டுங்கள்.

இன்னும் ஒரு படி மேலே உள்ளது டக்டல் கார்சினோமா இன் சிட்டு. இங்கே செல்கள் கான்சர் செல்கள்தான். ஆனால் வாய்க்காலின் கரையை உடைக்கவில்லை, உள்ளேயே நிற்கின்றன. கரை உடையாதவரை அவை வேறிடத்துக்குப் போகமாட்டா. இதற்குச் சும்மா இருந்துவிடக் கூடாது. அந்தப் பகுதியை ஆபரேஷன் மூலம் எடுப்பார்கள். மார்பை முழுதாக எடுக்காமல் பகுதியை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் ரேடியேஷனும் கொடுப்பார்கள். அதனால் அதே மார்பில் நோய் திரும்புவது பாதியாகக் குறைகிறது. அமெரிக்காவில் இந்நிலையில் வைத்தியம் செய்துகொண்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கு 2015-ல் வெளியாயிற்று. 20 ஆண்டுகளில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் 100-க்கு 3 பேர் அளவுதான். கரை உடையுமுன் கண்டுபிடித்தால் பலன் இவ்வளவு.

சரி, நடு நிலை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

ஊசித் துணுக்கில் ஏட்டிபியா என்று தெரிந்தால், பெரும்பாலும் அந்த இடத்தைச் சுற்றிச் சிறிது சதையை எடுத்து முழுவதையும் பார்ப்பார்கள். ஊசி எடுப்பது அரிசி மூட்டையில் கொக்கி போட்டு எடுப்பதுபோல; பிடியில் வந்த அரிசியைத்தான் பார்த்திருக்கிறோம். சிலருக்குப் பக்கத்திலேயே நிஜமான புற்று ஒளிந்திருப்பது உண்டு. "கான்சர் இல்லைன்னு சொல்லிட்டு இப்ப ஏன் ஆபரேஷன்? காசு பிடுங்கவா?" என்று கேட்காதீர்கள். இது சிறிய ஆபரேஷன், மார்பு போய்விடாது.

அதன் பிறகு தொடர் கவனிப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அல்லது டாக்டர் சொல்லும் தவணையில், மார்பைக் காட்ட வேண்டும். ஆண்டுக்கொரு தடவை மேமோகிராம் எடுக்கச் சொல்லலாம். தவணையை எப்படி நினைவு வைப்பது? நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதற்குக் காலண்டர் வேண்டியதில்லை. கன்னிப்பூ அறுப்பு முடிந்ததும் ஒரு தடவை, கும்பப்பூ அறுப்பு முடிந்ததும் ஒரு தடவை. களத்தில் நெல் காய்ந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை. வயல் இல்லாதவர்களுக்கும் அறுப்பு எப்போது என்று ஊரில் தெரியாமல் போகாது.

கான்சர் வருமுன் தடுக்க மாத்திரையும் இருக்கிறது. டமாக்ஸிபன் என்று பெயர். 1998-ல் முடிவு வெளியான ஓர் ஆராய்ச்சியில், வாய்ப்பு அதிகமுள்ள 13,000-க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கான்சர் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், ஐந்து ஆண்டு. பிறகு இத்தாலியில் 500 பெண்களிடம் 5 மில்லிகிராம் மட்டும், மூன்று ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் நோய் பாதியாகக் குறைந்தது. உடம்பில் திடீர்ச் சூடு, வியர்வை வரும். அரிதாகக் காலில் இரத்தம் உறையும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கருப்பையிலும் கெடுதல் வரலாம். ஆகவே எல்லாருக்கும் உரிய மாத்திரை அல்ல. அடுத்த வீட்டு அக்காளுக்குக் கொடுத்ததை வாங்கிச் சாப்பிடவே கூடாது. டாக்டரிடம் உட்கார்ந்து லாப நஷ்டம் பேசி முடிவு செய்ய வேண்டும்.

இங்கேதான் கணவன்மாருக்கு வேலை வருகிறது. டமாக்ஸிபன் சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. சிசுவுக்கு ஊனம் வரலாம். நிறுத்திய பிறகும் டாக்டர் சொல்லும் மாதம்வரை பொறுக்க வேண்டும். அதற்குக் கருத்தடை வேண்டும். ஆனால் மாலா-என் போன்ற ஹார்மோன் மாத்திரையை இந்த மருந்தோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். நிரோத் பயன்படுத்தலாம். பிள்ளைகள் போதும் என்றால், ஐயா, நீங்களே வாசக்டமி செய்துகொள்ளலாம், தையல்கூட வேண்டியிராது. எல்லாப் பாரத்தையும் அவள் உடம்பின்மேலேயே ஏற்ற வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். சாதாரண நார்க்கட்டி உள்ளவர்கள் கருத்தடை மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்; இல்லாவிட்டால் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுப் பலர் மாத்திரையை வீசிவிடுவீர்கள்.

கணவன்மாருக்கு இன்னொரு சொல். பல வீடுகளில் கட்டியை முதலில் கண்டுபிடிப்பது மனைவிதான். ஆனால் சொல்லமாட்டாள். வெட்கம்; செலவு; "இவரு சந்தேகப்படுவாரோ, பிள்ளைக்குக் கல்யாணம் தடைப்படுமோ" என்ற பயம். கடைசியில் துணிந்து, "இஞ்சேருங்கோ, இங்க என்னமோ தட்டுது" என்று சொல்வாள். அப்போது நீங்கள் சொல்கிற பதிலில் எல்லாம் இருக்கிறது. "ஒண்ணுமில்லட்டி, சூட்டுக் கட்டி" என்று திரும்பிப் படுத்துவிட்டால் அவள் இன்னொரு வருஷம் வாய் திறக்கமாட்டாள். "நாளைக்குப் போய்க் காட்டுவோம், நானும் வாறேன்" என்று சொல்லுங்கள். டாக்டர் சொல்வதை இருவரும் சேர்ந்து கேட்டால் பின்பாதி மறக்காது. மாமியார்மாரும் கேளுங்கள்: இது ஒட்டுவாரொட்டி அல்ல, பிள்ளைக்குப் பால் வழியாகப் போவதல்ல, பாவத்தின் பலனும் அல்ல.

"எங்க ஊரு மணலில் என்னமோ இருக்கே, அதனால்தான் வருதா?" என்று மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கேட்பார்கள். கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் இதே வகை மணல்தான். அங்கே ஆண்டுக்கணக்காக மக்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மணலைப் பார்த்துக் கவலைப்படுவதைவிட, தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் கேளாமலே சொல்லுங்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்தால் ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பதும் உறுதியான விஷயம். அதற்காக, பால் கொடுத்தேன், எனக்கு வராது என்று இருந்துவிடவும் கூடாது.

மாதாமாதம் கண்ணாடி முன் நின்று மார்பைச் சோதிக்க வேண்டும் என்று முன்பெல்லாம் கண்டிப்பாகச் சொல்வோம். சீனாவில் ஷாங்காய் நகரில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மில் தொழிலாளிப் பெண்களை வைத்துப் பார்த்ததில், அப்படிக் கற்றுக்கொடுத்ததால் மட்டும் சாவு குறையவில்லை என்று 2002-ல் தெரிந்தது. ஆகவே சடங்குபோலச் செய்ய வேண்டாம். ஆனால் உங்கள் உடம்பை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். குளிக்கும்போது கைக்குப் புதிதாக ஒன்று தட்டுப்பட்டால், தோல் குழிந்தால், காம்பு உள்ளிழுத்தால், அக்குளில் கட்டி தெரிந்தால் வாருங்கள். வலி இல்லையே என்று இருக்காதீர்கள். வலிக்காத கட்டியைத்தான் நாங்கள் அதிகம் சந்தேகிக்கிறோம்.

பயிற்சி பெற்றவர் கையால் பார்ப்பதற்கோ பலன் உண்டு. பம்பாயில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரிக்காரர்கள் 1998-ல் தொடங்கி, சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணப் பெண் ஊழியர்கள், இரண்டு ஆண்டுக்கொருமுறை மார்பைத் தொட்டுப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. நோய் முன்கூட்டியே பிடிபட்டது. ஐம்பது வயதைத் தொட்டவர்களில் இந்நோயால் ஏற்படும் சாவு சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் குறைந்தவர்களில் சாவு அப்படிக் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆகவே எங்கள் நர்ஸம்மா பார்க்கிறேன் என்றால், "நீ டாக்டரா?" என்று கேட்டு அனுப்பிவிடாதீர்கள்.

கட்டிமேல் பச்சிலை வைத்துக் கட்டுவது, சூடு போடுவது, பழுக்கட்டும் என்று களிம்பு பூசுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம். தோல் புண்ணாகிப்போனால் பரிசோதனையே கஷ்டமாகிவிடும். பத்தியமும் நேர்ச்சையும் உங்கள் இஷ்டம். ஆனால் ஆஸ்பத்திரி நடை நிற்கக் கூடாது.

எங்கே போவது? முப்பது வயதான தாய்மார்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். சந்தேகம் இருந்தால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வடசேரி பஸ் நிலையத்திலிருந்து அரை மணி நேரம் ஆகாது. மேல் வைத்தியம் வேண்டியவர்களுக்குத் திருவனந்தபுரத்தில் 1981 முதல் இருக்கிற வட்டாரப் புற்றுநோய் நிலையம் உண்டு. தம்பானூரில் இறங்கி மெடிக்கல் காலேஜ் பஸ் ஏற வேண்டும். சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ல் தொடங்கிய ஆஸ்பத்திரியும் இருக்கிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். சந்தேகம் கேட்க 104-க்குப் போன் செய்யலாம்.

ரிப்போர்ட்டை, படங்களை, மாத்திரைச் சீட்டை ஒரே பையில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். போனில் ஒரு படமும் பிடித்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். வேறு டாக்டரிடம் போனாலும் அந்தப் பையோடு போங்கள். பத்து வருஷம் கழித்தும் அது தேவைப்படும்.

தாய்மார்கள் தனியாகக் கேட்க விரும்பினால் நர்ஸம்மா பின்பக்க அறையில் இருக்கிறார். ஆண்கள் கேட்க வேண்டியதை இங்கேயே கேட்கலாம்.